சலாபத்துக்கு முன் ஒரு சாம்பிள்: ஓடுகிற பைத்தான் வெப் ஆப்பில் பயமில்லாமல் கை வைப்பது எப்படி?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், நினைத்தவுடன் தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விட முடியாது. முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டுக்கு அங்கே 'பார்' என்று பெயர். பிரிட்டிஷார் காலத்தில் அதிகாரிகள் முதலில் பார்களைச் சோதிப்பார்கள். குளியாட்கள் இறங்கி, மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பிகளை அள்ளி வருவார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, கிடைக்கும் முத்துகளை விலை மதித்து, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு தேறினால்தான் 'சலாபம்' (முத்துக்குளிப்புப் பருவம்) அறிவிக்கப்படும். சிப்பி இன்னும் இளசு என்று தெரிந்தால், அந்த வருடம் யாரும் இறங்க வேண்டாம்.

அங்கே கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-ல். இன்றைக்கு அந்த ஊரின் பிழைப்பில் பெரும்பங்கு கன்டெய்னர் பெட்டிகளில் இருக்கிறது. 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் அது. அதைச் சுற்றியுள்ள கிளியரிங் ஏஜென்ட், ஏற்றுமதி, கிடங்கு அலுவலகங்கள் எதிலும் கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு பெட்டிகூட நகராது. இப்படிப்பட்ட அலுவலகங்களுக்கான வெப் ஆப்களை இளம் டெவலப்பர்கள் பலர் பைத்தானில்தான் எழுதுகிறார்கள். சீக்கிரம் எழுதலாம், படிக்க எளிது என்பது காரணம்.

சிக்கல் வருவது இரண்டாவது வருடத்தில். "ஓடுற வண்டியில ஏன் கை வைக்கணும்?" என்ற வாக்கியம் டீமில் கேட்க ஆரம்பித்தால், அந்த ஆப் கெட்டிப்பட்டுவிட்டது என்று அர்த்தம். மாற்றம் கேட்டு வாடிக்கையாளர் போன் செய்வார். எதைத் தொட்டால் எது உடையும் என்று யாருக்கும் தெரியாது. சாம்பிள் எடுத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாததுதான் கோளாறு. அதைவிட முக்கியம், சாம்பிள் எடுக்க முடியாதபடி கோட் எழுதப்பட்டிருப்பது.

அதிகாலை 2 மணிப் பெட்டி

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். எண்கள் புரிவதற்காக மட்டும்; உண்மையான கட்டண விகிதம் அல்ல.

கப்பலிலிருந்து இறங்கிய கன்டெய்னரை 5 நாள் வரை இலவசமாக யார்டில் வைக்கலாம். இறங்கிய நாளும் அதில் சேர்த்தி. அதன் பிறகு நாளுக்கு 1,000 ரூபாய் டெமரேஜ். இவ்வளவுதான் விதி. பில்லிங் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் இதை விரல் விட்டுச் சொல்லிவிடுவார்.

ஜாங்கோவில் எழுதப்பட்ட ஒரு ஆப், இறங்கிய நேரத்தை டேட்டாபேஸில் சேமிக்கிறது. செட்டிங்ஸில் நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று ஒழுங்காகவே போட்டிருக்கிறார்கள். ஒரு பெட்டி 11-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு இறங்குகிறது. திரையில் 11-ஆம் தேதி என்றுதான் காட்டுகிறது. 15-ஆம் தேதி பெட்டி வெளியே போகிறது. 11, 12, 13, 14, 15 ஆக ஐந்து நாள், கட்டணம் பூஜ்யம் என்று வர வேண்டும். பில்லில் 1,000 ரூபாய் வருகிறது!

என்ன நடந்தது? ஜாங்கோவில் நேர மண்டல வசதி இயங்கும்போது, டேட்டாபேஸிலிருந்து நேரம் யுடிசி-யில்தான் திரும்பி வரும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆகவே 11-ஆம் தேதி அதிகாலை 2 மணி என்பது யுடிசி-யில் 10-ஆம் தேதி இரவு 8.30. திரையில் காட்டும்போது டெம்ப்ளேட் அதை இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிடுகிறது. ஆனால் கோடில் அந்த நேரத்திலிருந்து தேதியை மட்டும் நேரடியாகப் பிரித்தெடுத்தால் 10 என்றுதான் கிடைக்கும். திரை சரி, கணக்கு தப்பு. இதைவிடக் கண்டுபிடிக்கக் கஷ்டமான தப்பு வேண்டுமா?

நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை இறங்கும் பெட்டிகளுக்கு மட்டும்தான் இது நடக்கும். கப்பல் வேலை ராத்திரி, பகல் பார்க்காது. ஆனால் டெவலப்பர் தன் ஆப்பைச் சோதித்துப் பார்ப்பது பெரும்பாலும் பகல் 11 மணிக்கு. பகலில் எல்லாம் ஒழுங்காக ஓடும். பெட்டிக்காரர் சண்டைக்கு வரும்போது, "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது சார்" என்று பில்லிங் ஊழியர் கையைப் பிசைவார். அவர் விரல் விட்டுப் போட்ட கணக்கு சரியாக இருந்தும், கம்ப்யூட்டர் சொன்னதே வேதம் ஆகிவிடும்.

இடையே ஒரு தகவல். ஜாங்கோ பிறந்ததே ஒரு தினசரிப் பத்திரிகை அலுவலகத்தில்தான். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் வெளிவரும் 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' பத்திரிகையின் இணையதளத்துக்காக எழுதப்பட்டு, 2005-ல் வெளியுலகத்துக்கு வந்தது. அதன் உள் அமைப்பில் எதுவும் மாற்றாமல் விட்டால் கிடைக்கும் நேர மண்டலம் இன்றும் அமெரிக்கா/சிகாகோ. புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது உருவாகும் செட்டிங்ஸ் ஃபைல் அதை யுடிசி என்று மாற்றிவிடுகிறது. ஆக, எந்த வழியில் போனாலும் அது தூத்துக்குடி நேரம் இல்லை.

கணக்கைத் தனியே பிரித்து எடுங்கள்

மேலே சொன்ன டெமரேஜ் கணக்கு பொதுவாக எங்கே எழுதப்பட்டிருக்கும்? 'வியூ' என்ற ஒரே ஃபங்ஷனுக்குள். பிரவுசரிலிருந்து பெட்டி எண்ணை வாங்குவது, யார் லாகின் செய்திருக்கிறார் என்று பார்ப்பது, டேட்டாபேஸில் தேடுவது, இன்றைய தேதியைக் கேட்பது, கட்டணம் போடுவது, மெயில் அனுப்புவது, பக்கத்தைக் காட்டுவது என எல்லாம் 150 வரிகளில் ஒரே குழம்பாக இருக்கும். கட்டணம் போடுவது அதில் வெறும் நாலு வரி.

அந்த நாலு வரியைச் சோதிக்க வேண்டுமானால் டேட்டாபேஸ் வேண்டும், லாகின் வேண்டும், மெயில் சர்வர் வேண்டும், அதிகாலை 2 மணிவரை விழித்திருக்கவும் வேண்டும். யார் சோதிப்பார்? சோம்பேறித்தனம் என்று டெவலப்பரைத் திட்டிப் பயனில்லை. கோடின் அமைப்பே சோதனையைத் தடுக்கிறது.

வழி எளிது. அந்த நாலு வரியைத் தனி ஃபங்ஷனாக வேறொரு ஃபைலுக்குக் கொண்டுபோங்கள். அந்த ஃபைலில் ஜாங்கோவோ ஃப்ளாஸ்க்கோ ஃபாஸ்ட்ஏபிஐ-யோ இம்போர்ட் ஆகக் கூடாது. ஃபங்ஷன் வாங்கிக்கொள்வது மூன்றே விஷயம்: இறங்கிய நேரம், வெளியே போன தேதி, கட்டண விதி. திருப்பித் தருவது ஒரு தொகை. 'இன்றைக்கு என்ன தேதி' என்று ஃபங்ஷன் தானாகப் போய்க் கடிகாரத்தைக் கேட்கக் கூடாது. தேதியை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் இது ஒன்றைச் செய்தால், அதிகாலை 2 மணியை மத்தியானம் காபி குடித்துக்கொண்டே உருவாக்கிவிடலாம்.

இப்போது டெஸ்ட் எழுதுவது ஒரு அட்டவணை போடுவது மாதிரி. ஐந்தாம் நாள் போனால் 0. ஆறாம் நாள் போனால் 1,000. இறங்கிய அன்றே போனால் 0. 11-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு இறங்கி 15-ல் போனால் 0. மாதம் மாறினால், பிப்ரவரி 29 வந்தால், போன தேதி தப்பாக இறங்கிய தேதிக்கு முன்னால் இருந்தால் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பைடெஸ்ட் என்ற கருவியில் இந்த அட்டவணையை அப்படியே கொடுத்து, ஒரே டெஸ்டை எல்லா வரிகளுக்கும் ஓட்டும் வசதி இருக்கிறது. டேட்டாபேஸைத் தொடாததால் இப்படி நூறு வரி ஓடினாலும் கண் இமைக்கும் நேரம்தான் ஆகும்.

இந்த அட்டவணையை டெவலப்பர் உட்கார்ந்து யோசிப்பதைவிட, பில்லிங் கவுன்ட்டர் ஆளிடம் போய்க் கேட்பது உத்தமம். "எந்தப் பெட்டிக்கு ரொம்பச் சண்டை வந்துச்சு?" என்று ஒரு கேள்வி போதும், பத்து டெஸ்ட் கிடைத்துவிடும். இன்னொரு வசதியும் உண்டு. பைத்தான் 3-ல் ஃபங்ஷன் பெயரையே தமிழ் எழுத்தில் வைக்கலாம். பைடெஸ்ட் அடையாளம் கண்டுகொள்ளத் தொடக்கத்தில் 'டெஸ்ட்' என்ற சொல் ஆங்கில எழுத்தில் இருந்தால் போதும். மீதியில் 'அதிகாலையில்_இறங்கிய_பெட்டி' என்று எழுதினாலும் ஓடும். அலுவலகத்தில் எல்லோரும் ரசிப்பார்களா என்பது வேறு விஷயம்.

வரி மாறிய ராத்திரி

விதிகள் மாறும் என்பதற்குப் பெரிய சாட்சி, 2025 செப்டம்பர் 22. அன்றுமுதல் ஜி.எஸ்.டி.யில் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பொருட்களில் பெரும்பாலானவை 5, 18 என்ற அடுக்குகளுக்கு நகர்ந்தன. சிலவற்றுக்கு 40 சதவீதம் வந்தது. நாடு முழுக்க பில்லிங் சாஃப்ட்வேர்கள் ஒரே ராத்திரியில் மாற வேண்டியிருந்தது.

வரி விகிதத்தை '12' என்று கோடில் நாற்பது இடத்தில் எழுதி வைத்திருந்தால்? தேடி மாற்றும்போது, டஜன் கணக்குக்காக எழுதிய 12-ம் சேர்ந்து மாறிவிடும். ஓரிடத்தில் மட்டும் வைத்திருந்தால் தப்பித்தோம் என்று நினைக்கலாம். அதுவும் பாதிதான் உண்மை. செப்டம்பர் 21-ல் போட்ட பில்லை அடுத்த மாதம் திரும்பப் பிரின்ட் எடுத்தால் பழைய விகிதம்தான் வர வேண்டும். ஆகவே விகிதத்தோடு 'எந்தத் தேதியிலிருந்து' என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். இது டேட்டாபேஸில் ஒரு காலம் கூட்டுகிற வேலை. செப்டம்பர் 21-க்கு ஒன்று, 22-க்கு ஒன்று என இரண்டு டெஸ்ட் இருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

கடலில் மிதக்கும் மேசை

இந்த 'தனியே பிரித்தெடு' யோசனையை முழு ஆப்புக்கும் விரித்தால் எப்படி இருக்கும்? அதற்குக் கப்பல் சரக்கோடு சம்பந்தப்பட்ட ஓர் உண்மை உதாரணமே இருக்கிறது.

லண்டனில் 'மேட் டாட் காம்' என்றொரு கம்பெனி இருந்தது. ஆன்லைனில் மேசை, சோபா விற்பது தொழில். சரக்கு உலகின் பல மூலைகளிலிருந்து கப்பலில் வரும். கிடங்கில் தீர்ந்துவிட்டால் 'ஸ்டாக் இல்லை' என்று சொல்லி வாடிக்கையாளரை அனுப்பிவிடுவதற்குப் பதில், இப்போது கடலில் வந்துகொண்டிருக்கும் சரக்கையும் கையிருப்பாகக் கணக்கில் எடுத்து விற்கலாமே என்பது யோசனை. அங்கே வேலை பார்த்த ஹாரி பெர்சிவல், பாப் கிரிகரி இருவரும் இந்தச் சிக்கலை உதாரணமாக வைத்து 2020-ல் 'ஆர்க்கிடெக்சர் பேட்டர்ன்ஸ் வித் பைத்தான்' என்ற புத்தகம் எழுதினார்கள். இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது.

விதிகளைப் பாருங்கள். ஆர்டர் வந்தால் முதலில் கிடங்குச் சரக்கிலிருந்து ஒதுக்கு. அங்கே இல்லை என்றால் கப்பல் சரக்கிலிருந்து ஒதுக்கு. அதிலும் முதலில் வந்து சேரும் கப்பலுக்கு முன்னுரிமை. இருப்பதைவிட அதிகமாக ஒதுக்கக் கூடாது. ஒரே ஆர்டரை இரண்டு முறை ஒதுக்கினாலும் எண்ணிக்கை ஒருமுறைதான் குறைய வேண்டும். ஃபீடர் கப்பலில் கொழும்பு போய்ப் பெரிய கப்பலில் ஏறும் பெட்டிகளோடு மல்லுக்கட்டும் எந்தத் தூத்துக்குடி அலுவலகத்துக்கும் இது புரியும். கப்பல் வரும் தேதி மாறிக்கொண்டே இருக்கும் என்பதும் தெரியும்.

புத்தகத்தின் முதல் டெஸ்ட் மிகச் சாதாரணம்: 20 சின்ன மேசைகள் உள்ள சரக்கிலிருந்து 2 ஒதுக்கினால் 18 மிஞ்ச வேண்டும். இதை ஓட்ட வெப்சைட்டும் வேண்டாம், டேட்டாபேஸும் வேண்டாம். விதிகள் வெறும் பைத்தான் கிளாஸ்களாக நடுவில் இருக்கும்.

டேட்டாபேஸோடு பேசும் வேலைக்கு 'ரெப்பாசிட்டரி' என்று தனியாக ஒரு பொருள். 'சேர்', 'எடு' என்ற இரண்டு வேலை மட்டும் அதற்குத் தெரியும். நிஜ ரெப்பாசிட்டரி டேட்டாபேஸில் போய் எடுக்கும். டெஸ்டுக்கு ஒரு போலி ரெப்பாசிட்டரி: மெமரியில் ஒரு செட், அவ்வளவுதான். மேலே இருக்கும் கோடுக்கு எது நிஜம், எது போலி என்று தெரியாது. தெரியத் தேவையும் இல்லை.

இந்த அமைப்புக்கு 'போர்ட்ஸ் அண்ட் அடாப்டர்ஸ்' என்று 2005-ல் பெயர் வைத்தவர் அலிஸ்டர் காக்பர்ன். அவர் மனதில் இருந்தது துறைமுகம் அல்ல. கம்ப்யூட்டரில் கருவிகளைச் செருகும் போர்ட். ஆனால் துறைமுகத்தை வைத்துப் பார்த்தாலும் பொருந்துகிறது. பெட்டிக்குள் உப்பா, பருத்தி நூலா, உறைந்த இறாலா என்று கிரேனுக்குத் தெரியாது. நான்கு மூலைகளிலும் உலகத்தரப்படி ஒரே மாதிரி ஓட்டைகள் இருந்தால் தூக்கும். காலிப் பெட்டியைக் கொடுத்தாலும் தூக்கும். போலி ரெப்பாசிட்டரி என்பது அந்தக் காலிப் பெட்டிதான்.

அந்தக் கம்பெனி 2022 நவம்பரில் திவால் நடவடிக்கைக்குப் போய், பிராண்ட் வேறு கம்பெனியிடம் விற்கப்பட்டது. கோட் நன்றாக இருந்தால் வியாபாரமும் நன்றாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எத்தனை சல்லடை?

சலாபக் காலத்தில் முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைத் தட்டுகளை வைத்திருந்தார்கள். முதல் தட்டில் 20 துளை, கடைசித் தட்டில் 1,000 துளை. பெரிய முத்து முதலிலேயே நின்றுவிடும். பொடிசு கடைசிவரை இறங்கும். ஒரே சல்லடையில் எல்லாம் நிற்காது.

டெஸ்டிலும் அப்படித்தான். கணக்கை மட்டும் சோதிக்கும் சின்ன டெஸ்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம், செலவில்லை. ஆனால் அவை எல்லாம் பச்சை காட்டினாலும், டேட்டாபேஸ் கேள்வி தப்பாக இருக்கலாம். அதிகாலைப் பெட்டித் தப்பின் வேர் எங்கே? டேட்டாபேஸிலிருந்து நேரம் எந்த வடிவத்தில் திரும்பி வருகிறது என்பதில். ஆகவே நிஜ டேட்டாபேஸில் எழுதி, திரும்ப வாசித்து, கணக்குவரை கொண்டுபோகும் சில டெஸ்டுகளும் வேண்டும். போலியை மட்டும் நம்பினால் இது கையில் சிக்காது. கடைசியாக, பிரவுசரையே ஓட்டி 'பெட்டி எண் கொடுத்தால் பில் வருகிறதா' என்று பார்க்கும் டெஸ்ட் இரண்டு, மூன்று போதும். அவை மெதுவானவை, அடிக்கடி காரணமில்லாமல் விழுபவை. இந்த வகை டெஸ்டையே இருநூறு எழுதி வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் காத்திருந்து, பிறகு மொத்தமாக ஆஃப் செய்துவிட்ட டீம்கள் உண்டு.

'கவரேஜ் நூறு சதவீதம்' என்று பெருமை பேசுவதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். எல்லா வரியும் ஒருமுறை ஓடியது என்பதுதான் அதற்கு அர்த்தம். பகல் 11 மணிப் பெட்டி ஒன்றை வைத்தே டெமரேஜ் ஃபங்ஷனில் நூறு சதவீதம் வாங்கிவிடலாம்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனத்தின் இஆர்பிநெக்ஸ்ட், பைத்தானில் எழுதப்பட்ட ஓப்பன் சோர்ஸ் வணிக சாஃப்ட்வேர். அதன் அடித்தளமான ஃப்ராப்பே ஃப்ரேம்வொர்க்கில் டெவலப்பர் ஒரு புது 'டாக்டைப்' உருவாக்கினால், கோட் ஃபைலோடு ஒரு டெஸ்ட் ஃபைலும் தானாகவே உருவாகிறது. டெஸ்டை எங்கே வைப்பது என்ற சாக்குக்கே இடமில்லை. அதைக் காலியாக விடுவதும் நிரப்புவதும் எழுதுபவர் கையில்.

எல்லாத்துக்கும் இது வேண்டாம்

ஊழியர் பட்டியலைச் சேர்ப்பது, திருத்துவது, அழிப்பது என்ற அளவில் ஒரு ஆப் என்றால், ஜாங்கோ கொடுக்கும் அட்மின் பக்கமே தாராளம். அதற்குப் போய் ரெப்பாசிட்டரி, சர்வீஸ் லேயர் என்று அடுக்கினால் வேலைதான் கூடும். பெர்சிவலும் கிரிகரியும் தங்கள் புத்தகத்திலேயே இதை ஒப்புக்கொள்கிறார்கள். விதி சிக்கலாக இருக்கும் இடம், பணம் கை மாறும் இடம், தேதி கணக்கிடும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் இந்த மெனக்கெடல் தகும்.

ஏஐ கருவிகள் கோட் எழுதித் தரும் இந்நாளில் டெஸ்ட் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. பதில் நேர்மாறானது. பத்து நிமிடத்தில் 500 வரி வந்து விழும்போது, அத்தனையையும் கண்ணால் படித்துச் சரிபார்க்க மனிதரால் ஆகாது. டெஸ்டையும் ஏஐ-யிடமே எழுதச் சொன்னால், கோடில் உள்ள தப்பையே சரி என்று நிரூபிக்கும் டெஸ்ட் வந்து நிற்கலாம். ஐந்தாம் நாளுக்குக் கட்டணம் உண்டா, இல்லையா என்பது பில்லிங் கவுன்ட்டரில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

பழைய ஆப் கையில் இருந்தால்?

புதிதாக எழுதுபவருக்கு இதெல்லாம் சரி. ஏற்கெனவே 150 வரி வியூக்களோடு ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பை வாங்கி மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது? முழுவதையும் தூக்கிப் போட்டு மறுபடி எழுதலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். பழைய கோடின் வினோதமான வரிகளில் பாதி, யாரோ ஒரு வாடிக்கையாளர் சண்டை போட்டு வாங்கிய விதிகளாக இருக்கும்.

2004-ல் பழைய கோடைக் கையாள்வதற்கென்றே புத்தகம் எழுதிய மைக்கேல் ஃபெதர்ஸ் சொல்லும் வழி வேறு. கோட் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்காமல், இப்போது என்ன செய்கிறது என்பதை முதலில் டெஸ்டாகப் பதிவு செய்யுங்கள். போன மாதத்து பில்களில் ஐம்பதை எடுத்துக்கொண்டு, அதே உள்ளீட்டைக் கொடுத்தால் அதே தொகை வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்றை எழுதலாம். தப்பான பில் இருந்தால் அதுவும் தப்பாகவே பதிவாகட்டும். அந்தப் பாதுகாப்பு வந்த பிறகு கணக்கு வரிகளைத் தனி ஃபங்ஷனாக நகர்த்துங்கள். ஐம்பதும் மாறாமல் வந்தால், நகர்த்தியதில் எதுவும் உடையவில்லை.

அந்த ஐம்பதைத் தேர்ந்தெடுக்கும்போது நள்ளிரவுக்கும் காலை 5.30-க்கும் இடையில் இறங்கிய பெட்டிகள் ஐந்தாறாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் பில்லை மட்டும் கவுன்ட்டர் ஆளிடம் கொடுத்து, விரல் விட்டு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.